மெல்லிசாத் தடவணும்

“சர்ச்சுல வேலை பார்க்கிற பொண்ணு கையில பச்சையா? நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு.”

மருந்துக்கடையில் சனிக்கிழமைக் கூட்டம். ஹெல்லெவிக்குக் கர்த்தர் நல்ல குரலைக் கொடுத்திருந்தார். பாடகர் குழுவில் நின்று பாடினால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். கடையிலும் கேட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் வில்யாவின் கையைப் பார்த்தார்கள்.

வில்யா மணிக்கட்டைத் திருப்பிக்கொண்டாள். சின்னக் குருவி ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் உறைக்கு அடியில் சிவந்துபோய் இருந்தது. நேற்றுதான் குத்தியது.

“இப்ப மறைச்சு என்ன பிரயோஜனம்? கோடை முகாம்ல பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க உன்னை வச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னிக்குச் சாயங்காலம் கமிட்டில பேசப்போறோம். தெரியுமில்ல?”

“தெரியும் ஹெல்லெவி.”

முகாம் வேலை கைவிட்டுப் போனால் சர்ச் வேலையும் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஹெல்லெவிதான் கமிட்டித் தலைவி. அவர் தலை எந்தப் பக்கம் ஆடுகிறதோ, மற்றத் தலைகளும் அந்தப் பக்கமே ஆடும்.

மருந்துக்கடைக்காரி தூலிக்கி நாலைந்து ட்யூப்களை எடுத்துப் பரப்பினாள்.

“வாசனை போட்டது வேண்டாம் வில்யா, எரியும். பெட்ரோலியம் ஜெல்லியும் வேண்டாம், காத்துப் போகாம ஈரம் உள்ளயே தங்கிடும். இது சாதாக் களிம்பு, இதை எடுத்துக்கோ. மெல்லிசாத் தடவணும். ரொட்டிக்கு வெண்ணெய் தடவற மாதிரி அப்பிடாதே.”

“பிசின் களிம்பு?” என்றார் ஹெல்லெவி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்ல, எங்க வீட்ல வெட்டு, சிராய்ப்பு, மாட்டு மடி வெடிப்பு எல்லாத்துக்கும் பைன் பிசின் களிம்புதான். அதைப் போட்டா ஆறாதா?”

“புதுசாப் பச்சை குத்தினதுக்கு அது ஆகாது. பிசுபிசுன்னு ஒட்டிக்கும். சிலருக்கு அரிச்சே உயிர் போயிடும்.”

“அரிச்சா என்ன செய்யறதாம்?”

“சொறியக் கூடாது. லேசாத் தட்டணும், அவ்வளவுதான். வில்யா, ஆறுற வரைக்கும் ஏரியில இறங்காதே. சவுனாவுல ஆவிக் குளியலும் கிடையாது. அந்தச் சூடும் வேர்வையும் புண்ணைக் கெடுத்துடும்.”

“சவுனாவே கிடையாதா?” ஹெல்லெவியின் முகம் விழுந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டார். “பாத்தியா, இதுக்குத்தான் சொல்றேன். கடவுள் கொடுத்த தோல்ல கிறுக்கினா இப்படித்தான்.”

வில்யா சாதாக் களிம்பை வாங்கிக்கொண்டாள். ஹெல்லெவி இருமல் மிட்டாய் வாங்கினார்.

சாயங்காலம் ஏரிக்கரையில், சர்ச்சின் சவுனாவில் கமிட்டிப் பெண்கள் கூடினார்கள். சூட்டுக் கல்லில் தண்ணீரை ஊற்றி, ஆவியில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்துதான் சர்ச் விஷயமெல்லாம் முடிவாகும். மேல்பலகை எப்போதும் ஹெல்லெவிக்கு. புருஷனை அடக்கம் செய்த வாரம்கூட அந்த இடத்தை அவர் விட்டதில்லை.

இன்று மேல்பலகை காலி. ஹெல்லெவி கழுத்து வரை கோட்டை மாட்டிக்கொண்டு வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் அந்தக் கோடியில், தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு வில்யா.

கதவு திறந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு கமிட்டிப் பெண்களில் ஒருவரான ரைலி எட்டிப் பார்த்தார். கூடவே ஆவியும் வந்தது.

“என்ன ஹெல்லெவி, வரலையா? கல்லு நல்லாச் சூடேறியிருக்கு.”

“ஜலதோஷம்.”

“ஜலதோஷத்துக்குத்தானே சவுனா? காய்ச்சலோட வந்து உக்கார்ந்த ஆளு நீ. போன வாரம் பாடகர் குழுவோட டாலின் போயிட்டு வந்ததுலேர்ந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கே. அந்த ஊர்ல என்னத்தைச் சாப்பிட்டே? எழுந்திரு, கோட்டைக் கழட்டு.”

ரைலி கையைப் பிடித்து இழுத்தார். ஹெல்லெவி எழுந்து, தூணோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். லேசாகத் தேய்த்துக்கொண்ட மாதிரியும் இருந்தது. கோட்டுக்குள்ளிருந்து பைன் பிசின் வாசனை வந்தது.

வில்யா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“விடுங்க ரைலி,” என்றாள். “காலையில மருந்துக்கடையில நானே பார்த்தேன். இருமி இருமி அவங்களால நிக்கக்கூட முடியல. உள்ள வந்தா உங்க எல்லாருக்கும் ஒட்டிக்கும்.”

ரைலி பட்டென்று கையை விட்டார்.

“அப்ப நீ இங்கேர்ந்தே சொல்லிடு ஹெல்லெவி. இந்தப் பொண்ணு முகாமுக்கு உண்டா, இல்லையா? உள்ள எல்லாரும் உன் வாயைத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க.”

ஹெல்லெவி ஏரியைப் பார்த்தார்.

“சின்னப் பொண்ணு. தெரியாம செஞ்சுட்டா. மன்னிக்கறதுக்குத்தானே நாம இருக்கோம்? முழுக்கைச் சட்டை போட்டுக்கட்டும். யார் கண்ணுலயும் படலைன்னா போதும்.”

“உனக்கு எவ்வளவு பெரிய மனசு ஹெல்லெவி,” என்று ரைலி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்தவர்களும் அதையே சொன்னது கேட்டது. யாரோ ஆமென் என்றார்கள்.

கதவு மூடியது.

வில்யா பையிலிருந்து களிம்பை எடுத்து, பெஞ்சில் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஹெல்லெவி களிம்பைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்து, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். கடைசி பெஞ்சு வரை கேட்கும் அந்தக் குரல், பக்கத்தில் இருந்த வில்யாவுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“தோளுக்குப் பின்னாடி... எனக்குக் கை எட்டலை. நீயே கொஞ்சம் மெல்லிசாத் தடவி விடும்மா.”