நிலமில்லாத நாட்டின் பெயர்

பல நாடுகளில் பிரிந்து வாழும் குர்துகள் நிலமில்லாமலேயே தங்கள் நாட்டை அறிவித்து, குடிமக்களுக்குக் குடியுரிமை அட்டையும் கொடுத்துவிட்டார்கள். அந்த அட்டையோடு கால்நடை மருத்துவர் பெரிவான், எல்லைக்கு அப்பால் வாழும் தங்கையைப் பத்து வருடம் கழித்துப் பார்க்கப் புறப்பட்டாள்.

எல்லைக் கதவின் இயந்திரம் அட்டையை இரண்டு முறை நிராகரித்தது. அதன் பட்டியலில் அப்படியொரு நாடே இல்லை.

“எங்க அரசாங்கம் கொடுத்த பழைய அட்டையைக் காட்டுங்க டாக்டர், உடனே போயிடலாம்,” என்றார் காவலர்.

“நாப்பது வருஷமா அதைத்தான் காட்டினேன். இன்னைக்கு இதைக் காட்டித்தான் போவேன்.”

அவள் நகரவில்லை. மதியமாயிற்று. பின்னால் வரிசையில் நின்ற குர்துகள் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பழைய அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் புதியதைக் கையில் எடுத்தார்கள்.

காவலர் அவர்களைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையை இழுத்தார். “நானே பதியறேன். நாட்டோட பேரை எழுத்தெழுத்தாச் சொல்லுங்க.”

பெரிவான் முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவது எழுத்தை வரிசையே சேர்ந்து சொன்னது.