செவலையின் வேகம்

செவலை என்ற மட்டக்குதிரைக்குத் தன் கால்களைப் பற்றிப் பெருமை தாங்காது. அடுத்த வாரம் குதிரைப் பந்தயம். மணிக்குப் பத்து மைலாவது ஓடினால்தான் சேர்ப்பார்களாம். மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கரை வரை ஓடிப் பார்த்துவிடுவோம் என்று, முதுகில் உண்ணிக்கொக்கு ஒன்றை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

"அண்ணே, என் வேகத்தை நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும்."

ஏரிக்கரை வந்ததும் கொக்கு சொன்னது: "பன்னிரண்டு மைல் தூரம், நாலு மணி நேரம். வகுத்தா மணிக்கு மூணு மைல்."

செவலைக்கு முகம் தொங்கிவிட்டது. "காத்தாப் பறந்தேனே. நீங்ககூட ரெண்டு தடவை கீழே விழப் பார்த்தீங்க."

"நீ ஓடினது ஒரு மணி நேரம்தான் தம்பி. அப்புறம் தோட்டத்துல கரும்பு கடிச்சே. ஓடையில எருமைக்கன்னுங்களோட புரண்டே. கழுதை வீட்டுக் கல்யாணத்துல ஆடினே."

"அந்த மூணு மணி நேரத்தைக் கழிச்சிடுங்களேன்."

"கழிச்சிடலாம். நீ அங்கெல்லாம் போகவே இல்லைன்னு வச்சுக்கறேன்."

செவலை யோசித்தது. வாயில் கரும்பின் இனிப்பு இன்னும் இருந்தது. ஆடிக் களைத்த மாப்பிள்ளைக் கழுதை தன் தோளில் சாய்ந்து சிரித்தது நினைவுக்கு வர, செவலைக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வேண்டாம் அண்ணே, மூணே இருக்கட்டும். பந்தயத்துக்கு வேற ஆள் பார்த்துக்கட்டும். சாயங்கால விருந்துக்கும் கழுதை வீட்டுல கூப்பிட்டிருக்காங்க. கெட்டியா உட்காருங்க, திரும்பும்போது ரெண்டு மைலுக்குக் கொண்டுவந்துடலாம்."