செல்லப்பன் வைத்த விருந்து

கடலாமைகளைக் காக்க ஓமன் போகும் ஆராய்ச்சிக் குழுவில் மஞ்சுஷாவுக்கு இடம் கிடைத்திருந்தது. விமானச் செலவுக்குத்தான் வழியில்லை. மட்டாஞ்சேரியில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். மிளகு வியாபாரி செல்லப்பன் மட்டும், "முழுசும் நான் தரேன் மோளே. எனக்கும் ஆமைன்னா உயிரு," என்றார்.

அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து விருந்தும் வைத்தார். கப்பைக்கிழங்கும், மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த இறைச்சியும். மஞ்சுஷா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவி வந்ததும் செல்லப்பன் ஒரு பணக் கவரை மேசையில் வைத்தார். "டிக்கெட் எடுத்துக்கோ."

"ரொம்ப சந்தோஷம் அங்கிள். கறி சூப்பர். பீஃபா?"

"சே! உனக்குப் போய் பீஃப் வைப்பேனா? காயல்ல மீன் பிடிக்கிறவன்கிட்ட ரகசியமா சொல்லி வாங்கினது. ஆமை!" செல்லப்பன் பல்லிடுக்கில் குத்திக்கொண்டே சிரித்தார். "ஓமன்ல பெருசு பெருசா கிடைக்குமாமே?"

மஞ்சுஷா முற்றத்துக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தாள்.

"என்னாச்சு மோளே? வயித்துக்குப் பிடிக்கலையா?"

அவள் கவரை மேசையிலேயே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, வனத்துறைக்கு ஃபோன் போட்டாள்.