ஆறு வீட்டுக்கு ஆறு நம்பர்

ரிசல்ட் பேப்பரில் 142857 இல்லை.

பொன்னியம்மாள் விரலை வைத்து மூன்று தடவை தேடிவிட்டாள். 142856 இருந்தது. 142858 இருந்தது. நடுவில் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இடமில்லை.

இதில் பொன்னியம்மாளுக்கு வருத்தம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெற்றிலை, பூ, தேங்காயோடு தாம்பாளம் முந்தின நாளே தயார்.

எதிர்வீட்டு நெசவாளி கோதண்டபாணி, தன் மகள் ஏலவார்குழலிக்குத் தெருவே கேட்கும்படி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால் டீச்சர் ட்ரெய்னிங். ஃபெயிலானால் ஆவணியில் பொன்னியம்மாளின் தம்பி வீரபாகுவோடு கல்யாணம். வீரபாகுவுக்கு வாலாஜாபாத்தில் சைக்கிள் கடை. வயது முப்பத்தாறு, பொன்னியம்மாள் வாயில் அது முப்பதைத் தாண்டியதே இல்லை.

பேப்பரும் தாம்பாளமுமாக எதிர்வீட்டுக்குள் போய்ப் பொன்னியம்மாள் சேதி சொன்னதும், கோதண்டபாணி பேப்பரைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. தறியிலிருந்து எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு தாம்பாளத்துக்கு நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காந்தா சர்க்கரைக் கிண்ணத்தோடு நுழைந்தாள்.

"இன்னா பொன்னி, ஃபெயிலுன்றே? நான் பார்த்துட்டுத்தான் வந்துக்கினு இருக்கிறேன். 285714. பாஸும்மா."

"உனுக்குக் கண்ணு அவிஞ்சு பூட்ச்சா? 142857 தாண்டி. அவ வாயாலயே சொன்னா."

"எனுக்கும் அவ வாயாலதான் சொன்னா."

கடைசி வீட்டுச் செல்லியம்மாள் 428571 என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். சத்தம் கேட்டு இன்னும் மூன்று வீட்டுக்காரிகள் வந்தார்கள், ஆளுக்கொரு நம்பரோடு.

பொன்னியம்மாள் பேப்பர் ஓரத்தில் ஆறையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாள். ஆறிலும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசையில், ராட்டை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. தொடங்குகிற இடம்தான் வேறு.

செய்வினையோ என்று காந்தா கிண்ணத்தோடு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

குழலி உள்ளேயிருந்து வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"கேட்டவங்களுக்கெல்லாம் பெருக்கிப் பெருக்கிக் குடுத்தேங்க்கா. உங்க நம்பரை ரெண்டால பெருக்கினா காந்தாக்கா நம்பர். மூணால பெருக்கினா செல்லியக்கா நம்பர். ஆறு வரைக்கும் அதே எண்ணுங்கதான் சுத்தி வரும்."

"ஏழால?" என்றாள் காந்தா, பயத்தை மீறி.

"எல்லாம் ஒன்பதாப் பூடும்."

பொன்னியம்மாளுக்கு ஒன்பதில் அக்கறையில்லை.

"அப்போ உன் நம்பர் எதுடி?"

"பரீட்சைக்கு அப்பா பணம் கட்டியிருந்தாத்தான்க்கா எனக்கு நம்பர் வந்திருக்கும்."

பரீட்சை நடந்த அத்தனை நாளும் தாவணியைச் சொருகிக்கொண்டு, பேனாவும் கையுமாய்க் கிளம்பிப் போன பெண்.

பொன்னியம்மாளைக் கேட்காமலேயே அவள் கை தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. கோதண்டபாணியின் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

தண்ணீர் எடுக்கப் போகிறவள், மாவு அரைக்கப் போகிறவள் என்று தெருவே அந்தப் பெண்ணை நிறுத்தி நம்பர் கேட்டிருக்கிறது.

பெற்ற அப்பன் ஒரு நாளும் கேட்டதில்லை.