வழக்கம்போலத் திரும்பவும்

குளத்துக்குப் போகும் வழியை எல்லோருக்கும் பொதுவாக அடிமரத்தில் கொத்தி வைத்திருந்தது மரங்கொத்தி. தப்பிருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று சொல்லியும், அதன் அழகான எழுத்தின் மேல் யாரும் அலகு வைக்கவில்லை.

கோடையில் புதிதாக வந்த கௌதாரி அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போனது. பொழுது சாய்ந்தும் ஆளைக் காணோம். மரங்கொத்தி கிளைக்குக் கிளை தாவி வழியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் கால் நிறையச் சேற்றோடு அது வந்து சேர்ந்த பிறகுதான் மரங்கொத்திக்கு மூச்சு வந்தது.

“‘புற்றருகே வழக்கம்போலத் திரும்பவும்’னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு வந்தவளுக்கு ஏதுங்க வழக்கம்?” என்றது கௌதாரி.

“அட, ஆமா. எந்தப் பக்கம்னு நீயே கொத்திடும்மா.”

‘வழக்கம்போல’வை அடித்துவிட்டு ‘வலப்பக்கம்’ என்று கொத்தியது கௌதாரி. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருந்தது. மரங்கொத்தி தன் அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப்போனது.