ஜோதி தராத சாவி

"பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்துட்டுப் போம்மா. ஒரு நிமிஷ வேலை" என்றார் மேனேஜர் தணிகாசலம்.

"மாட்டேன் சார்" என்றாள் ஜோதி.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. லாரி புறப்படுமுன் சரக்கு விவரம் கார் கம்பெனியின் சர்வருக்குப் போயாக வேண்டும். அந்த சர்வரோ, தான் கொடுத்த டிஜிட்டல் சர்டிபிகேட்டும் அதற்கு ஜோடியான ரகசியச் சாவி என்ற ஃபைலும் உள்ள கம்ப்யூட்டருக்குத்தான் கதவு திறக்கும். இரண்டும் ஜோதியின் லேப்டாப்பில் இருந்தன. ஜோதிக்கோ அடுத்த வாரம் முழுக்க லீவு, தங்கை கல்யாணம்.

அந்த ஒரு வாரம் வேலையைப் பார்க்கப் போகிறவள் பூமாரி. சங்கரன்கோவில் பெண், ஹாஸ்டல் வாசம், காண்ட்ராக்ட் வேலை. பெர்மனன்ட் ஆவதா, ஊருக்கு பஸ் ஏறுவதா என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

"என் மேல நம்பிக்க இல்லியாக்கா?" என்றாள் பூமாரி.

"என் சாவி எதுக்கு உனுக்கு? உன் கம்ப்யூட்டர்ல உனுக்குன்னு ஒண்ணு உண்டாக்கு. அத என்கிட்டகூட காட்டாத. சர்டிபிகேட்ட கார் கம்பெனில கேட்டு வாங்கிக்கலாம்."

வாங்குவது லேசாக இல்லை. மெயிலுக்கு மேல் மெயில் போட்டு, போனில் மன்றாடி, லீவுக்கு முந்தின நாள்தான் ஜோதி அதை வாங்கித் தந்தாள். அதுவரை கேன்டீனில் அவள் தலைதான் உருண்டது. சின்னப் பெண் கற்றுக்கொண்டால் தன் சீட்டு போய்விடும் என்று பயம், வைக்கோல்போர் நாய் என்றார்கள். ஜோதி கேட்டும் கேளாதவள் மாதிரி எல்லோருக்கும் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பூமாரி அனுப்பிய லாரி ஒன்றுகூட விவரம் தப்பென்று திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து தணிகாசலத்துக்கு போன். பூமாரி என்று ஒருவர் அனுப்பும் விவரத்தில் ஒரு பிசகும் இல்லை, இனி எங்கள் வேலையை அவரிடமே கொடுங்கள் என்றார்கள். பெர்மனன்ட் ஆர்டர் அன்றே தயாரானது.

பூமாரிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண மண்டபத்துக்கு போன் போட்டாள்.

"என் பேரச் சொல்லிக் கேட்டாங்களாம்க்கா. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த சர்டிபிகேட்ல உன் பேருதானே கீது." மேளச் சத்தத்தை மீறி ஜோதியின் சிரிப்பு கேட்டது. "எனுக்கு அவ்ளோ பெருமையா கீதுடி. வேலைக்குச் சேந்த புதுசுல ரெண்டு வருஷம் நான் தணிகாசலம் சாரோட சாவிலதான் அனுப்பிக்கினு இருந்தேன். இதே மாதிரி போன் வந்துச்சு. அவரு மேனேஜர் ஆயிட்டாரு."