பின்சீட்டுக் கரண்ட்

வேனின் பின்பக்கம் புதிதாகப் பூட்டிய இரண்டு பிளக்கும் ஒரேயடியாகச் செத்துப்போயின.

மஸ்கெலியா டவுனைத் தாண்டி நாலு வளைவுகூட ஏறவில்லை. பின்சீட்டில் சண்முகவடிவு. மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின், சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, கரண்ட் வரல." மகன் சதீஸ்குமார் முன்பக்கம் எட்டிக் கத்தினான். "மெஷின் பேட்டரி இருவது நிமிசந்தான் தாங்கும்."

ஹட்டன் ஆஸ்பத்திரிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்.

வேன்காரர் இராமையா ஓரங்கட்டினார். "அந்த வயரிங்காரப் பய பாத்த வேல. நோயாளிங்கள ஏத்துற வேன், ஒழுங்கா பூட்டுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

நோர்வூட்டில் இருந்த அவனுக்கு போன் போட்டார். "பிளக்கு ரெண்டும் போச்சுடா."

"கருகுன வாடை வருதா அண்ணே?"

இராமையா மோந்து பார்த்தார். "லேசா."

"எங்க நிக்கிறீங்க?"

"மாரியம்மன் கோயில் வளைவுல."

"எஞ்சினை நிப்பாட்டுங்க. ஓட்டாதீங்க." வைத்துவிட்டான்.

"நிக்கச் சொல்றானா? அம்மாவுக்கு மூச்சு நிக்கப்போகுதுண்ணே. நீங்க எடுங்க."

"ஆக்ஸிஜனை வச்சுக்கிட்டு வயர் பத்திக்கிட்டா?"

இராமையா மறுபடி அடித்தார். கட் பண்ணினான். மறுபடி. கட்.

"பாத்தியா தம்பி. மாட்டிக்கிட்டோம்னு ஒளியுறான். பொறுப்பத்த பய."

"வேன் பேட்டரி முன்சீட்டுக்கு அடியிலதானே? நீங்களாவது சீட்டத் தூக்கிப் பாருங்களேன்."

"பூட்டினவன்தான் பாக்கணும்."

"நீங்க ரெண்டு பேரும் கத்துறதுல எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றாள் சண்முகவடிவு.

பதினைந்து நிமிடம். மெஷினில் ஒரே ஒரு கோடு மிச்சம்.

மழைக்குள் ஒரு பைக் வந்து நின்றது. மழைக்கோட்டுகூட இல்லை. வயரிங்காரன் தொப்பலாக நனைந்திருந்தான்.

"போனை எதுக்குய்யா வெட்டுன?" சதீஸ்குமார் பாய்ந்தான்.

"ஒத்தக் கையில வளைவு ஒடிக்க முடியுமாங்க?"

அவன் முன்சீட்டைத் தூக்கினான். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கருகிக் கிடந்தது. அதே லைனிலிருந்து, அவன் போடாத ஒரு வயர் பாட்டுப்பெட்டிக்கு ஓடியது.

போன மாதம் கதிர்காம ட்ரிப்பில் பாட்டுக்குக் கரண்ட் எடுத்ததும், பியூஸ் மூன்று தரம் போனபின் தாளைச் சுருட்டிச் செருகியதும் இராமையாதான்.

வயரிங்காரன் அவரை ஒரு தரம் பார்த்தான். பாட்டு வயரை வெட்டி எறிந்தான். கருகிய வயர்த் துண்டை மாற்றினான். புது பியூஸ். மெஷினில் பச்சை எரிந்தது.

"யாரு பிழைய்யா இது?" சதீஸ்குமார் விடவில்லை.

"என் பிழைதாங்க. முதல்ல அம்மாவக் கொண்டுபோங்க."

இராமையா வேனை ஹட்டனுக்கு விரட்டினார்.

சண்முகவடிவை வார்டில் சேர்த்துவிட்டு சதீஸ்குமார் வெளியே வந்தான். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயம் போனதும் கோபம் வந்திருந்தது.

"அந்த ஆள விடமாட்டேன்ணே. பேஸ்புக்ல போடுறேன். இனி ஒருத்தன் அவன்கிட்ட வயர் பூட்டக்கூடாது. பேரு என்ன?"

இராமையா வேன் கதவைத் திறந்து இறங்கினார்.

"கெடுத்தவன் பேரை முதல்ல போடு தம்பி. இராமையா. அதுக்குக் கீழ, சரிபண்ணினவன் பேரையும் போடு. மாயாண்டி."